சிவப்பு மையில் திருத்திய வானம்

என் கணவர் ஒரு முறை வானத்தைத் திருத்தியிருக்கிறார். சும்மா சொல்லவில்லை. சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுத் திருத்தினார். திண்டிவனம் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்த மனிதருக்கு வேறு விதமாகத் திருத்தத் தெரியாது. வானம் அப்படியேதான் இருந்தது. என் வேலைதான் ஆட்டம் கண்டது.

எண்பதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு மாதம் இருக்கும். விழுப்புரத்தில் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். அவர் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போவார். நான் விழுப்புரத்திலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தினேன். நடத்தினேன் என்றால் தற்காலிகமாக. பிரசவத்துக்குப் போன ஒரு டீச்சரின் இடத்தில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் பிள்ளை பெற்றுத் திரும்பும் வரைதான் எனக்கு நாற்காலி. பொங்கல் கழிந்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டுக்காரருக்கு வடக்கே எங்கோ மாற்றலாம், இனி வரப்போவதில்லையாம். ஜூனில் அந்த வேலைக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க வேண்டும்.

போட்டிக்கு இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி பள்ளிக்கூடத் தாளாளரின் மச்சான் மகள், அந்த வருஷம்தான் பி.எட். முடித்தவள். தாளாளருக்கு இரண்டு ரைஸ் மில், கிளியனூர் பக்கம் நிலம், பள்ளிக்கூட கமிட்டியில் கடைசி வார்த்தை, எல்லாம் இருந்தன. எனக்குத் தலைமையாசிரியையின் ஆதரவு மட்டும் இருந்தது. அதுவும் என் முகத்துக்காக இல்லை. அவருடைய டைம் டேபிள் வேலை முழுவதையும் நான்தான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கமிட்டி கண்ணுல படற மாதிரி எதையாவது செய்ம்மா" என்றார் தலைமையாசிரியை. "எக்ஸிபிஷன் மட்டும் வேணாம். போன வருஷம் எரிமலை செஞ்சி ஸ்டேஜ் ஸ்கிரீன் பத்திக்கிச்சு. செலவில்லாம, நெருப்பில்லாம ஏதாவது செய்."

செலவும் நெருப்பும் இல்லாத விஞ்ஞானம் எது என்று யோசித்தபோது வானம்தான் மிஞ்சியது. அடுத்த வருஷம் வால்நட்சத்திரம் வருகிறது என்று பேப்பர்களும் அப்போதே எழுத ஆரம்பித்திருந்தன. பள்ளிக்கூட நூலகத்துக்கு வந்துகொண்டிருந்த அறிவியல் மாத இதழ் ஒன்றில் நாலாக மடித்த நட்சத்திர வரைபடம் ஒன்று இணைப்பாக இருந்தது. இதழையே யாரும் பிரித்ததில்லை, இணைப்பு மட்டும் எங்கே போய்விடும்? வட்டமாக நீல வானம், வெள்ளைப் புள்ளிகள், சுற்றி நாலு திசை, ஓரத்தில் 'பிப்ரவரி நடு, இரவு எட்டு மணி' என்று ஒரு குறிப்பு. அதை நைசாகக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி முதல் வாரம் முழுக்க மொட்டைமாடியில் கழிந்தது. டார்ச் கண்ணைக் கூசாமல் இருக்க அதன் முகத்தில் மிட்டாய் சுற்றி வந்த சிவப்புத் தாளைக் கட்டினேன். தெற்கே பார்த்து நின்று, வரைபடத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பத்து நிமிஷத்தில் கழுத்து போய்விடும். முதல் நாள் ரயில்வே யார்டின் உயர விளக்கை ஒரு நட்சத்திரமாகக் குறித்து வைத்தேன். இரண்டாம் நாள் அது அணைந்தபோதுதான் தெரிந்தது. பக்கத்து மாடியில் வடகம் எடுக்க வந்த பெண், இருட்டில் நான் சிவப்பு வெளிச்சத்தோடு நிற்பதைப் பார்த்து, வடகத்தை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆனால் நாலாம் நாள் எல்லாம் பிடிபட்டது. தலைக்கு நேர் மேலே கொஞ்சம் தெற்காக வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டம், இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். அதைப் பிடித்துக்கொண்டு தென்கிழக்கே போனால் பளீரென்று சிரியஸ். எதிர்ப் பக்கம் மேற்கே போனால் ரோகிணி, அதையும் தாண்டினால் கொத்தாகக் கார்த்திகை. தாளில் இருந்த புள்ளி வானத்தில் அதே இடத்தில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட ஏற்படவில்லை. இதை அவரிடமும் சொன்னேன். அவர் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

"இதுல கெழக்கு இடது பக்கம் போட்டிருக்கான்" என்றார்.

"ஆமா. அப்படித்தான் போடுவாங்க."

"வடக்கு மேல, கெழக்கு வலப்பக்கம். எந்த மேப்பா இருந்தாலும் அதான். இது பிரிண்டிங் மிஸ்டேக்கு."

நிலத்தின் வரைபடத்தை மேலிருந்து கீழே பார்க்கிறோம், வானத்தைக் கீழிருந்து மேலே பார்க்கிறோம், அதனால் இடமும் வலமும் மாறும் என்று ரசப்பொடி தட்டிக்கொண்டே விளக்கினேன். அவர் தாளையும், ஆபீஸ் வேலைக்கு வைத்திருந்த காம்பஸையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி. வெயில்கூட இறங்கவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"படுத்துக்கினு பாத்துட்டேன். கெழக்கு வலது கைப்பக்கம்தான் இருக்குது. தப்புதான்."

"வெளிச்சத்துல இன்னாத்த பாத்தீங்க? நட்சத்திரமே இல்லியே?"

"தெச பாக்கறதுக்கு நட்சத்திரம் எதுக்கு?"

அதற்கு மேல் நான் பேச்சை வளர்க்கவில்லை. குழம்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் குழம்பை விட்டுவிட்டு அவரைப் பிடித்திருக்க வேண்டும்.

தலைமையாசிரியை வானம் பார்க்கும் நிகழ்ச்சிக்கு முதலில் அமாவாசையன்றே நாள் குறித்தார். இருட்டு நன்றாக இருக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது மாசி அமாவாசை. ஊரில் பாதி மேல்மலையனூர் கோயில் திருவிழாவுக்குப் போய்விடும், மீதிப் பாதி பஸ் கிடைக்காமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும். அதனால் அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை, சாயங்காலம் ஏழரை மணி என்று மாற்றினோம். கமிட்டிக்காரர்கள், ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேர், அவர்களின் அம்மாக்கள். இருப்பதோ ஒரே வரைபடம், அதையும் எப்படி நாற்பது பேருக்குக் காட்டுவது என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் காதில் அது விழுந்திருக்கிறது. சனிக்கிழமை ஏழு மணிக்கு, பாசஞ்சரில் இருந்து இறங்கி நேராகப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார். அக்குளில் ஒரு சுருள். டிரேசிங் தாளில் வானம் முழுவதையும் கையால் வரைந்து, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் குண்டு குண்டாகத் தமிழில் பெயர் எழுதி, நாற்பது அம்மோனியா பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். அதற்கும் ஆபீஸ் தாளைத் தொடவில்லை. திண்டிவனத்தில் வீட்டுப் பிளான் போடும் கடை ஒன்றில் சொந்தச் செலவில் எடுத்தாராம். சுருளைப் பிரித்ததும் மைதானம் பூராவும் பஸ் ஸ்டாண்டு கழிப்பிடம் மாதிரி நாறியது. எனக்கோ கண் கலங்கியது. அம்மோனியாவால் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அதனால் இல்லை. ஒரு தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் நாற்பதையும் விநியோகித்துவிட்டேன்.

விளக்குகளை அணைத்தார்கள். வேட்டைக்காரனைக் காட்டினேன், எல்லோரும் பார்த்தார்கள். அம்மாக்களில் ஒருத்தி, "எம் பொண்ணுக்கு பூரட்டாதிங்க. அது எங்க கீது?" என்று கேட்டாள். "அது இப்ப சூரியன் பக்கத்துல இருக்கும்மா, பாக்க முடியாது" என்றேன். "அதான் ஒரு வரனும் குதுர மாட்டேங்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டாள். அது வரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

"இப்ப அப்படியே தென்கிழக்கே வாங்க. பளபளன்னு இருக்கே, அதான் சிரியஸ்" என்று கையை நீட்டினேன்.

"மிஸ், இதுல மேற்குல போட்டிருக்கு மிஸ்" என்றாள் ஒரு பெண்.

"கார்த்திகை கிழக்குலன்னு இருக்கு மிஸ்" என்றாள் இன்னொருத்தி.

முன்வரிசை நாற்காலியில் இருந்த தாளாளர் தன் டார்ச்சை அடித்துத் தாளைப் பார்த்தார். நானும் அருகில் போய்ப் பார்த்தேன். வட்டத்தின் இடது ஓரத்தில் 'கிழக்கு' என்பதைச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து 'மேற்கு' என்று எழுதியிருந்தது. வலது ஓரத்தில் 'மேற்கு' போய் 'கிழக்கு' வந்திருந்தது. இரண்டுக்கும் பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து, தேதி. பக்கத்துப் பெண்ணின் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் அப்படியே. அச்சு எடுத்த பிறகு நாற்பது தாளிலும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருக்கிறார். ஆபீஸ் முறைப்படி, திருத்தம் என்றால் பழையதும் தெரிய வேண்டும், திருத்தியவனும் தெரிய வேண்டும்.

"ரெண்டு வார்த்தை மாறிப் போச்சுங்க சார். மேப்புல தப்பு" என்றேன்.

"எப்படிம்மா மாறும்?" என்றார் தாளாளர். "சர்வேயர் கையெழுத்து கீதே. நீங்கதான் கைய மாத்திக் காட்டறீங்கபோல. சார், நீங்க சொல்லுங்க."

தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்த என் கணவர் முன்னால் வந்தார். தலைமையாசிரியை, கமிட்டி, நாற்பது பெண்கள், நாற்பது அம்மாக்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். 'அவசரத்துல மாறிடுச்சு' என்று ஒரு வார்த்தை போதும்.

"மேப்பு சரிதாங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வானமே தெரியவில்லை. அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் வாய்ச் சண்டையில் சர்வேயரை ஜெயிக்க முடியாது என்று ஏழெட்டு மாதத்தில் தெரிந்துவைத்திருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு மைதானத்தின் நடுவே போய், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்ணில் மல்லாந்து படுத்தேன். வடக்கே தலை, தெற்கே கால்.

"ஐயோ, வடக்க தல வெச்சிருக்காங்களே!" என்று ஓர் அம்மா கத்தினாள். செய்யக் கூடாததை டீச்சரே செய்கிறாளே என்று கூட்டம் சலசலத்தது. "எழுந்திரும்மா, கமிட்டி பாக்குது" என்று தலைமையாசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கமிட்டி பார்ப்பதற்கு எதையாவது செய்யச் சொன்னவர் அவர்தான்.

"பொண்ணுங்களா, பேனாவ எடுத்து அந்த செவப்பு எழுத்த அடிங்க. பழைய எழுத்துதான் சரி. இதே மாதிரி படுத்துப் பாருங்க" என்று படுத்தபடியே சொன்னேன்.

முதலில் ஒருத்தி வந்தாள். அவளுடைய அம்மா கையைப் பிடித்து இழுத்தாள், அவள் உதறிவிட்டுப் படுத்தாள். அப்புறம் மூன்று பேர், பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் நாற்பது பெண்களும் பாவாடை தாவணியோடு மண்ணில் வரிசையாகக் கிடந்தார்கள். முகத்துக்கு மேலே தாள், இடது கைப்பக்கம் கிழக்கு. "மிஸ், சரியா இருக்கு மிஸ்! சிரியஸ் இங்கதான் இருக்கு!" என்று ஒருத்தி கூவினாள், பின்னாலேயே எல்லோரும் கூவினார்கள். யாரும் சாகவில்லை. பூரட்டாதிப் பெண்ணும் அந்த வரிசையில்தான் கிடந்தாள்.

வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷத்தில் நான் நம்பினேன். தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்தபோது எங்கள் பக்கம் வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் என் கணவரின் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. எப்போதுமே அதிகம் பேசாத மனிதரோடு பேசாமல் இருப்பதில் ஒரு கஷ்டம், அது அவருக்குத் தெரியவே இரண்டு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாளாளரே எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை, தோலோடு பச்சை வேர்க்கடலை. பையை என்னிடம் நீட்டி, "டீச்சரம்மா, அன்னிக்கு ஜோரா பண்ணிட்டீங்க" என்றார். நான் குளிர்ந்துபோனேன். காபி போட அடுப்படிக்குப் போனவள் அப்படியே இரண்டு கை மல்லாட்டையை அலசி வேகவும் போட்டேன்.

முன்னறையில் அவர் பேசியது அடுப்படியில் நன்றாகக் கேட்டது.

"சார், கிளியனூர்ல எனக்கு ஒரு கெழக்கு வரப்பு கீது. பக்கத்து நெலத்துக்காரன் பேஜார் பண்றான். போன மாசம் நீங்க அளந்து கல்லு போட்டீங்க இல்ல, அதுல கொஞ்சம் திருத்தம் போட்டீங்கன்னா நல்லாருக்கும். வானத்துலயே கெழக்க மேக்கா மாத்திட்டீங்க, இது ஒரு ஆறடி." சற்று நிறுத்திச் சொன்னார், "ஜூன்ல டீச்சரம்மா ஆர்டரு. அத நான் பாத்துக்கறேன்."

அடுப்படியில் நான் கரண்டியோடு நின்றேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆறடிதானே என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து நிலத்துக்காரனை எனக்குத் தெரியாது. அந்த வேலையை எனக்குத் தெரியும், கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரைத் தெரியும், நாற்பது பெண்களையும் பேர் சொல்லித் தெரியும்.

"தப்பா இருந்தாதாங்க நான் திருத்துவேன்" என்றார் என் கணவர். "உங்க வரப்ப நானே செயின் புடிச்சி அளந்தேன். கல்லு இருக்கற எடம் சரி. பாக்காம நான் எதுலயும் கையெழுத்து போடறதில்லீங்க."

தாளாளர் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். இவர் எழுந்து அடுப்படிக்கு வந்தார். மல்லாட்டைப் பையை எடுத்தார். அப்புறம் அடுப்பைப் பார்த்தார்.

"அதையும் குடு" என்றார்.

"பாதிதாங்க வெந்திருக்கு."

"பரவால்ல."

தண்ணீரை வடித்து, பாதி வெந்த மல்லாட்டையைப் பேப்பரில் கட்டிக் கொடுத்தேன். தாளாளர் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் ஆவி பறக்கும் பொட்டலமுமாகப் படியிறங்கிப் போனார். காபியைக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே விஷயம் தெரிந்துவிட்டது. மச்சான் மகளுக்கு முடிவாகிவிட்டதாம். டீச்சர் மைதானத்தில் மல்லாந்து படுத்ததும், பெண்பிள்ளைகளை வடக்கே தலை வைத்துப் படுக்க வைத்ததும் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவர் மேல் கோபம், தாளாளர் மேல் கோபம், ஆறடிக்கு ஆசைப்பட்ட என் மேலும் கோபம். முகம் கழுவி வெளியே வந்தபோது எட்டு மணி. அவரைக் காணோம்.

மாடிக்குப் போனேன். இருட்டில் பாய் விரித்திருந்தது. அவர் மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் காம்பஸ். முகத்துக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்த நீலத் தாள், என்னுடைய அச்சடித்த வரைபடம். கட்டிலைக்கூடத் திசை பார்த்துப் போடுகிற மனிதர், வடக்கே தலை வைத்திருந்தார்.

"வடக்க தல வெச்சிருக்கீங்க" என்றேன். அந்த மல்லாட்டைப் பேச்சைத் தவிர, அஞ்சு நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியும்" என்றார். "அன்னிக்கு தெக்க தல வெச்சிக்கினு பாத்தேன். எப்பவும் படுக்கற மாதிரி. அதான் கெழக்கு வலது கைக்கு வந்துடுச்சி."

எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். என் டார்ச்சை அடிக்கச் சொன்னார். வரைபடத்தின் ஓரத்தில் குண்டு குண்டாக எழுதினார்: 'களத்தில் சரிபார்க்கப்பட்டது. பிழை இல்லை.' கீழே சின்னக் கையெழுத்து, தேதி.

"இத அப்பவே ஒரு ராத்திரி வந்து பாத்திருக்கலாம் இல்ல?"

"உனக்கு சனிக்கிழமைக்குள்ள வேணுமே. அப்பெல்லாம் ஆபீஸ்ல வேல ஜாஸ்தி, தெனம் வீட்டுக்கு வரவே ஒம்பது பத்து ஆச்சி. ரயில்லயே உக்காந்து வரைஞ்சேன்."

டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு சொன்னேன். "பாக்காம கையெழுத்து போட மாட்டேன்னு அந்த மனுசன அனுப்பிச்சீங்களே. உங்க சர்வீஸ்லயே பாக்காம கையெழுத்து போட்டது ஒண்ணே ஒண்ணுதான். அது எனக்குப் போட்டது."

அவர் பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்தார்.

"ஒண்ணு இல்ல" என்றார். "நாப்பது."

டார்ச்சை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் பாயில் நானும் படுத்தேன். வடக்கேதான் தலை வைத்தேன்.